மடியில் கட்டிய மணல்

ஆஸ்பத்திரியில் கேட்டதற்கெல்லாம் நான் பதில் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அன்றைக்கு நடந்ததைக் கேட்கிறவர்கள் எல்லாரும், "ஏன் வைரக்கண்ணு, நீ அதச் சொல்லலியா?" என்று என்னையே பிடிக்கிறார்கள்.

ஆடி மாதம். எங்கள் குறுவை நெல் நட்டு இருபத்திரண்டு நாள். எனக்கு முழங்கால் வீங்கிப் போய் வீட்டில் கிடந்தேன். என் பெண்டாட்டி அம்சவல்லி காலையில் வயலுக்குப் போனாள். பத்தரை மணி இருக்கும், பக்கத்து வயல் செல்லக்கிளி அவளைத் தோளில் தாங்கிக் கொண்டு வந்தாள். வரப்பில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாளாம். பிறகு எழுந்திருக்க முடியவில்லையாம். வீட்டு வாசலிலும் எடுத்தாள். புடவையிலேயே பேதியும் போய்விட்டது. உடம்பு முழுக்க வேர்வை. யாரோ ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றினாற்போல இருந்தாள்.

"ஆட்டோவுக்குச் சொல்லு" என்றேன்.

"இப்படியேவா மாமா கூட்டிக்கிட்டுப் போறது? பாக்குறவன் என்ன நினைப்பான்" என்றாள் செல்லக்கிளி.

அவள் சொன்னதும் சரிதான். எங்கள் ஜனம் சேறும் அழுக்குமாக ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே இருக்கிறவன் தள்ளி நின்று பேசுவான். அப்பன் காலத்திலிருந்து பார்த்தது அது. செல்லக்கிளி அவள் மூஞ்சி கை கால் கழுவி, பெட்டியிலிருந்து நல்ல புடவை எடுத்துச் சுற்றி, தலை வாரி, பவுடர்கூடப் போட்டுவிட்டாள். ஆட்டோவில் ஏறும்போது, "வயல் பாதியில நிக்குது, பாத்துக்க" என்று செல்லக்கிளியிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

தஞ்சாவூர் ரோட்டில் பத்துப் படுக்கை போட்ட ஒரு ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். நான் ஆஸ்பத்திரிகளை நம்புகிறவன் இல்லை. தலைவலி என்று போனால் தலையை விட்டு மற்றதையெல்லாம் படம் பிடிப்பார்கள். ஆனால் அம்சவல்லியின் வாயிலிருந்து எச்சில் கோடாக ஒழுகிக் கொண்டிருந்தது. நம்பிக்கை பார்க்கிற நேரமில்லை.

டாக்டர் பரணிதரன் என்று ஒரு பையன். மீசை இப்போதுதான் ஒழுங்காக முளைத்திருந்தது.

"என்ன வயசு?"

"இருக்கும் அம்பத்தஞ்சு, அறுவது."

"கரெக்டா?"

"கரெக்டா எங்க மாமியாரத்தான் கேக்கணும். அது செத்துப் போச்சு."

"சுகர், பிரஷர்?"

"ஒன்னும் கிடையாது."

"வாந்தி எப்ப வந்துச்சு?"

"பத்து பத்தரைக்கு. வயல்ல வேலையா இருந்தா."

"வெயில்லயா?"

"வெயில் இல்லாத வயலு எங்க இருக்கு? நட்டு இருவத்திரண்டு நாளாச்சு, வேல இருக்குமுல்ல."

பெண்டாட்டி வயது தெரியாதவனுக்கு நட்ட நாள் கணக்கு எப்படி வாயில் வந்தது என்று பையன் சிரித்தான். அதை எழுதவில்லை.

"காலைல என்ன சாப்பிட்டாங்க?"

"பழையது. நேத்து வச்ச மீன் குழம்பு."

இதை எழுதினான். பிறகு குரலை இறக்கினான். "ஐயா, கோவிச்சுக்காதீங்க. வீட்ல சண்டை ஏதாச்சும் உண்டா? மருந்து கிருந்து குடிச்சிட்டாங்களா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "முப்பத்தெட்டு வருஷம் என்னோட குப்பை கொட்டினவ. மருந்து குடிக்கிறதா இருந்தா கலியாணமான மறுமாசமே குடிச்சிருப்பா. யாரப் பாத்துக் கேக்குறீங்க?"

"இல்லைங்க, கேக்க வேண்டியது."

"குடிக்கல. எழுதிக்குங்க, குடிக்கல."

எழுதிக் கொண்டான். வெயிலும் கெட்டுப்போன மீனும் சேர்ந்த வாந்திபேதி என்று சொல்லி, மூன்றாம் படுக்கையில் போட்டு, பாட்டில் தண்ணீர் ஏற்றச் சொன்னான்.

அந்த அறையில் ஒரே ஒரு நர்சுப் பெண். சுவேதா என்று சட்டையில் எழுதியிருந்ததாகப் பக்கத்துப் படுக்கைக்காரன் சொன்னான். வேலைக்கு வந்து ஐந்து மாதம்தானாம். நாகூருக்குத் தெற்கே கடலோர ஊர், அப்பா படகுக்குப் போகிறவர். கையில் ஒரு நோட்டு. கால் மணிக்கொரு தடவை வந்து அம்சவல்லியின் மணிக்கட்டைப் பிடிப்பாள், எழுதுவாள். நெற்றியைத் துடைப்பாள், எழுதுவாள்.

"தாத்தா, இவங்களுக்கு எப்பவும் இப்படித்தான் எச்சில் ஊறுமா?"

"வாந்தி எடுக்குறவளுக்கு எச்சில் வராம பன்னீரா வரும்?"

அதையும் எழுதினாள், எச்சிலை. பன்னீரை விட்டுவிட்டாள் என்று நினைக்கிறேன். பிறகு மீனைப் பிடித்துக் கொண்டாள். என்ன மீன், எங்கே வாங்கியது, எத்தனை மணிக்கு, ஐஸ் வைத்ததா, செவுள் என்ன நிறம், கண் உள்ளே போயிருந்ததா, அமுக்கினால் பள்ளம் விழுந்ததா. எனக்கே எரிச்சல் வந்தது. "ஏம்மா, பொண்டாட்டி கிடக்குறா, நீ மீனப் பொண்ணு பாக்குற?" என்றேன். அதற்குக் கோபிக்காமல், "மீன்ல கெட்டது எதுன்னு எனக்குத் தெரியும் தாத்தா, அதான்" என்றாள். நான்கு வரி மீனைப் பற்றியே எழுதியிருந்தாள் என்று பின்னால் தெரிந்தது.

அம்சவல்லிக்கு வாந்தி நின்றது. ஆனால் ஆள் தெளியவில்லை. கூப்பிட்டால் இமை தூக்குவாள், மறுபடி இறங்கிவிடும். நெஞ்சுக்குள் பானையில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம். கெண்டைக்கால் சதை தானாகத் துடித்தது. குளிர் என்று நினைத்துப் போர்வையை இழுத்துவிட்டேன். நன்றாக, இடுப்பு வரை இழுத்து, ஓரங்களைச் செருகிவிட்டேன். நான் செய்தது அது.

இரண்டு மணிக்கு ஆள் மாறினார்கள்.

வந்தவள் பெயர் இசைவாணி. நாற்பது வயதிருக்கும், தடித்த உடம்பு. பதினெட்டு வருஷமாக அங்கே இருக்கிறவளாம். சாப்பிட்ட கையைத் துடைத்துக் கொண்டே வந்தாள். சுவேதா நோட்டை விரித்து முதல் படுக்கையிலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி எல்லாம் ஒரே குரலில். இந்த அம்மாள் நோட்டைப் பார்க்கவே இல்லை. ஜன்னலைப் பார்த்தாள், படுக்கையைப் பார்த்தாள், பாட்டிலைத் தட்டினாள். இவள் எங்கே கேட்கிறாள், சாப்பாட்டு மயக்கத்தில் நிற்கிறாள் என்று எனக்குக் கோபம். ஆனால் சுவேதா ஒரு பக்கம் வாசித்து முடித்ததும் இசைவாணி நாலே வார்த்தை திருப்பிச் சொன்னாள். "காய்ச்சல் இறங்குது. ரத்தம் மறுபடி எடுக்கணும். கர்ப்பமா இருக்கு, ஊசி பாத்துப் போடணும்." அவ்வளவுதான். அடுத்த படுக்கை.

மூன்றாவதுக்கு வந்தார்கள்.

"அம்சவல்லி. பன்னெண்டு இருவதுக்கு வந்தாங்க. வாந்தி அஞ்சு தடவ, பேதி மூனு தடவ. நேத்து வாங்கின மீனு, ஐஸ் வச்சது, செவுள் சிவப்புதான் இருந்துச்சாம், வாடை இல்லையாம். அவர் சொல்றதப் பாத்தா மீனு நல்ல மீன்தான்க்கா. சலைன் ரெண்டாவது ஓடுது. வேர்வை நிக்கல. எச்சில் நிறைய வருது. நாடி அம்பத்திரண்டு. கால் துடிக்குது. ஒன்னுக்குத் தெரியாம போயிடுறாங்க. பிரஷர்..."

"நில்லு" என்றாள் இசைவாணி. "நாடி எவ்வளவு?"

"அம்பத்திரண்டுக்கா. அதுக்கு முன்ன அம்பத்தாறு."

"வாந்தி பேதில தண்ணி வத்திப் போனவளுக்கு நாடி குதிர மாதிரி ஓடணும். இது ஏன் உக்காந்திருக்கு?"

சுவேதா நோட்டைப் பார்த்தாள். முன்பக்கத்தைப் புரட்டினாள்.

இசைவாணி அம்சவல்லியின் இமையைத் தூக்கிப் பார்த்தாள். என்னையும் கூப்பிட்டுக் காட்டுவது போலத் திருப்பினாள். கண்ணின் கருமணி கடுகைவிடச் சின்னதாகக் கிடந்தது. முப்பத்தெட்டு வருஷம் பார்த்த கண். அது யாருடைய கண்ணோ போல இருந்தது.

"எங்க இருந்தப்ப வந்துச்சு?"

"வயல்ல" என்றாள் சுவேதா. "வயல் வேலைன்னு சொன்னாரு."

"என்ன வயல் வேலை?"

சுவேதா என்னைப் பார்த்தாள். எனக்குக் கோபம்தான் வந்தது. எத்தனை பேருக்குத்தான் சொல்வது. "அதான் சொன்னேனே டாக்டர்கிட்ட. நட்டு இருவத்திரண்டு நாளுன்னு."

இசைவாணியின் முகம் மாறியதை நான் பார்த்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், வாயில் வைத்திருந்த பாக்கை மெல்லக்கூட மறந்து அப்படியே நின்றாள்.

"குருணை மருந்தா? பூச்சிக்குத் தூவுறதா?" என்றாள்.

"பின்ன? இருவத்திரண்டாம் நாளு வேற என்ன செய்வாங்க? மணல்ல கலந்து தூவப் போனா."

"கையாலயா?"

"கையாலதான். எல்லாரும் கையாலதான்."

"மருந்த எதுல எடுத்துக்கிட்டுப் போனாங்க?"

"வாளியிலதான்..." என்று ஆரம்பித்தேன். நான் வாளியில் எடுத்துப் போவேன். இடது கையில் வாளி, வலது கையால் வீசுவேன். அவள்? எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு அதுதான் முதல் தடவை. நாற்பது வருஷமாக மருந்து போடுவது நான். அவள் நாற்று பறிப்பாள், நடுவாள், களை எடுப்பாள். மருந்து போட்டதில்லை.

இசைவாணி எனக்காகக் காத்திருக்கவில்லை. நான் செருகிவிட்ட போர்வையை ஒரே இழுப்பில் உருவினாள். புடவைக் கொசுவத்தைத் தளர்த்தினாள். உள்ளே பாவாடை.

பாவாடை வயலுக்குப் போனபோது கட்டியிருந்த அதே பாவாடை.

செல்லக்கிளி புடவையைத்தான் மாற்றியிருக்கிறாள். நிற்க முடியாதவளுக்குப் பாவாடையை எங்கே மாற்றுவது, வாசலில் நாலு பேர் நிற்கிறபோது. இடுப்பில், முன்பக்கம், உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். அதில் மணல் ஒட்டியிருந்தது. சாம்பல் நிறப் பொடி மணலோடு சேர்ந்து குழைந்து, வேர்வையில் ஊறி, தோலோடு ஒட்டிக் கிடந்தது. இசைவாணி நாடாவை உருவியதும் எழுந்த நெடியில் பக்கத்துப் படுக்கைக்காரன் மூக்கைப் பொத்தினான். எனக்கு மட்டும் அது நெடியாகவே தெரியவில்லை. பழகிய மூக்கு.

"மடியில கட்டியிருக்காங்க" என்றாள் இசைவாணி. "காலைலேருந்து இது உள்ள இறங்கிக்கிட்டே இருக்கு. சுவேதா, டாக்டரக் கூப்புடு. ஓடு. பூச்சி மருந்துன்னு சொல்லு, குடிச்சது இல்ல, தோல் வழியான்னு சொல்லு. என்ன சொல்லுவ?"

"பூச்சி மருந்து, குடிச்சது இல்ல, தோல் வழியா."

"கண்ணு சுருங்கியிருக்கு, நாடி அம்பத்திரண்டு. அதையும் சொல்லு."

"கண்ணு சுருங்கியிருக்கு, நாடி அம்பத்திரண்டு" என்று சொல்லிக் கொண்டே அந்தப் பெண் ஓடினாள்.

என்னை வெளியே தள்ளித் திரை இழுத்துவிட்டார்கள். சோப்பும் தண்ணீரும் கேட்டார்கள். டாக்டர் பையன் செருப்பில்லாமல் வந்தான். ஊசி, மறுபடி ஊசி, மறுபடி ஊசி என்று குரல் கேட்டது. "நாக்கு காயணும், நெஞ்சு சத்தம் அடங்கணும், அது வரைக்கும் போடுங்க" என்றான். நான் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தேன். வீங்கின கால் மடங்கியது. வலி தெரியவில்லை.

நான் எல்லாம் சொல்லியிருந்தேன். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. இருபத்திரண்டு நாள் என்று சொன்னேன். எங்கள் ஊரில் எவனிடம் சொன்னாலும் அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். அந்தப் பெண்ணும் எல்லாம் எழுதியிருந்தாள். எச்சில், வேர்வை, கால் துடித்தது, அம்பத்திரண்டு, எல்லாமே அந்த நோட்டில் இருந்தது. சொன்னவன் சொன்னான், எழுதினவள் எழுதினாள். நடுவில் என் பெண்டாட்டி செத்துக் கொண்டிருந்தாள்.

காலையில் அவளிடம் நான் என்ன சொல்லி அனுப்பினேன் என்று யோசித்தேன். யோசிக்க அதிகம் இல்லை. "மருந்து மணல்ல கலந்து கொட்டாயில வச்சிருக்கேன். மேலண்டை ரெண்டு மா நெலம். தண்ணி கட்டியிருக்கு. சீரா விழணும்." இவ்வளவுதான். வாளியில் எடு என்று சொல்லவில்லை. உடம்பில் படாதே என்று சொல்லவில்லை. கடலை விதைக்கிறவள் விதையை மடியில்தான் கட்டுவாள், இதையும் கட்டியிருக்கிறாள். நான் வாளியில் எடுப்பது எனக்கே தெரியாது. என் கைக்குத்தான் தெரியும். கேட்டால்தானே சொல்ல.

இன்னொன்றும் உண்டு, சொல்லிவிடுகிறேன். அது இப்போது கடையில் வருகிற மருந்து இல்லை. உரக்கடை நௌஷாத் போன வருஷமே, "பெரியவரே, அந்தப் பழைய மருந்து வீட்ல இருந்தா தொடாதீங்க, விவசாய ஆபீஸ்ல குடுத்துடுங்க. நிறுத்திட்டாங்க" என்று சொன்னான். புதுசை விற்கப் பார்க்கிறான் என்று நினைத்துக் கொண்டு பழைய பொட்டலத்தைப் பத்திரமாக வைத்திருந்தேன். இதை அம்சவல்லியிடம் சொன்னேனா? அவளிடம் எதற்கு?

இசைவாணி வெளியே வந்தாள். முழங்கை வரை நனைந்திருந்தது.

"உசுரு?" என்றேன்.

"இருக்கு. இன்னும் சொல்ல முடியாது. ஐயா, மிச்ச மருந்து இருக்கா? பொட்டலத்த யாராவது கொண்டாரச் சொல்லுங்க, டாக்டர் பேரு பாக்கணுமாம். கையால தொடாம கொண்டாரச் சொல்லுங்க."

போகத் திரும்பியவள் நின்றாள். "எங்கம்மாவும் இப்படித்தான் மடியில கட்டிக்கிட்டுத் தூவுச்சு. திருவையாத்துப் பக்கம், கூலிக்கு. நாள் பூரா வாந்தி. பேய் புடிச்சிருக்குன்னு வேப்பிலை அடிச்சாங்க" என்றாள். பிறகு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. 

நடைக்கோடியில் சுவேதா நோட்டை மார்போடு அணைத்துக் கொண்டு அழுதாள். "மீனயே புடிச்சுக்கிட்டு நின்னுட்டேன்க்கா" என்றாள்.

"அழுறத அப்புறம் வச்சுக்க" என்றாள் இசைவாணி. "நீ அம்பத்திரண்டுன்னு எழுதலன்னா நான் எதக் கேட்டிருப்பேன்? எழுதினியே. வா, கை குடு, பாட்டில் மாத்தணும்."

நான் செல்லக்கிளிக்குப் போன் போட்டேன். நீண்ட நேரம் அடித்தது.

"மாமா, அத்தைக்கு எப்படி இருக்கு?"

"கிடக்குறா. நீ எங்க வயல் கொட்டாயிக்குப் போ. மருந்துப் பொட்டலம் இருக்கும் பாரு..."

"கொட்டாயிலதான் மாமா நிக்கிறேன். நீங்கதான வயலப் பாத்துக்கன்னு சொன்னீங்க. அத்தை ஒரு மா கூடப் போடல. பாக்கியப் போட்டுடலாம்னு வந்தேன். நின்ன தண்ணி வடிஞ்சிட்டா மருந்து வீணாப் போயிடுமுல்ல."

பின்னால் பம்புசெட்டு ஓடுகிற சத்தம் கேட்டது.

"எதுல எடுத்திருக்க?" என்றேன். 

"என்ன மாமா?"

"மருந்த எதுல எடுத்திருக்க!"

"மடியிலதான். ஏன்?"

ஆஸ்பத்திரி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அப்படிக் கத்தியிருக்கிறேன். கத்தினால் மட்டும் போதாது என்று அப்புறம்தான் தெரிந்தது. அவள் பயந்து போய், "என்ன மாமா, திட்டாதீங்க, நான் நல்லதுக்குத்தான" என்று மூக்கை உறிஞ்சினாள். நான் மூச்சை இழுத்துக் கொண்டேன். இந்த வாயால் என் ஆயுசில் இவ்வளவு நிதானமாக யாரிடமும் பேசியதில்லை.

"செல்லக்கிளி. அந்த மருந்துதான் அத்தையக் கொல்லுது. உள்ள போனது தோல் வழியா. அவுத்துக் கொட்டு. புடவைய அங்கயே போடு. பாவாடையையும் போடு. யாரு பாத்தாலும் பரவால்ல. பம்பு வாயில உக்காரு. சோப்பு இருக்கா?"

"கொட்டாயில துணி சோப்பு இருக்கு."

"அதப் போட்டுத் தேயி. இடுப்பு, வயிறு, கை, நக இடுக்கு. மூனு தடவ. அந்தத் துணிய மறுபடி கட்டாத. கொட்டாயில என் வேட்டி தொங்குது, அதச் சுத்திக்க. அப்புறம் ஆட்டோ புடிச்சு இங்க வா. பொட்டலத்தத் தொடாத, பிளாஸ்டிக் பையில கவுத்து எடுத்துக்க. இப்ப நான் சொன்னதத் திருப்பிச் சொல்லு."

"புடவைய அவுத்துடறேன், சோப்புப் போட்டுக் குளிக்கிறேன், பொட்டலத்த எடுத்துக்கிட்டு..."

"பாவாடை."

"ஆங்?"

"பாவாடைய விட்டுட்ட. முதல்லேருந்து சொல்லு."

சொன்னாள். நக இடுக்கை விட்டாள். மறுபடி சொல்லச் சொன்னேன். பம்புசெட்டுச் சத்தத்துக்கு நடுவில் அழுது கொண்டே எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் போனை வைக்க விட்டேன்.

ஒரு மணி நேரத்தில் என் வேட்டியைச் சுற்றிக் கொண்டு, மேலே யாருடைய துண்டையோ போட்டுக் கொண்டு, தலையில் தண்ணீர் சொட்ட வந்து நின்றாள். எந்த ஆஸ்பத்திரிக்கு அழுக்கோடு போகக் கூடாது என்று காலையில் பவுடர் பூசினாளோ, அதே ஆஸ்பத்திரிக்கு. யாரும் தள்ளி நிற்கவில்லை. இசைவாணி அவள் இமையைத் தூக்கிப் பார்த்து, நாடி பிடித்து, பெஞ்சில் உட்கார வைத்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பொழுது சாயும் நேரம் திரையை விலக்கி என்னை உள்ளே விட்டார்கள். நெஞ்சுச் சத்தம் அடங்கியிருந்தது. கன்னம் சிவந்து, உதடு காய்ந்து வெடித்திருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்றான் டாக்டர். இந்த ராத்திரி தாண்டினால் பயமில்லை என்றான்.  நான் அவனைத் திட்டவில்லை.

அம்சவல்லி கண்ணைத் திறந்தாள். கருமணி பெரிதாகியிருந்தது. அவள் கண்தான்.

"தண்ணி" என்றாள். பஞ்சில் நனைத்து உதட்டைத் தடவினேன். என்னை உற்றுப் பார்த்தாள்.

"வயலு?"

"கிடக்குது வயலு. ஏன்டி, அத மடியில கட்டின? வாளி இருந்துச்சே. வாளியில எடுக்கணும்னு தெரியாதா ஒனக்கு?"

அவள் ரொம்ப நேரம் யோசித்தாள். மறந்துவிட்டதைத் தேடுகிறவள் மாதிரி, காலையில் நான் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் மனதில் புரட்டிப் பார்க்கிறவள் மாதிரி.

"மருந்து மணல்ல கலந்து கொட்டாயில வச்சிருக்கு, மேலண்டை ரெண்டு மா நெலம், தண்ணி கட்டியிருக்கு, சீரா விழணும்" என்றாள். குரல் கரகரத்தது. "அவ்வளவுதான சொன்னீங்க?"

சரியாகத்தான் சொன்னாள். ஒரு வார்த்தை குறையவில்லை. நான் பஞ்சை மறுபடி தண்ணீரில் நனைத்தேன்.